எர்த் எங்கே?

கிளட்ச் பிளேட் மாற்றப் பட்டறைக்குப் போன கார், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் செல்ஃப் எடுக்க மறுக்கிறது. சாவியைத் திருப்பினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நேற்று வரை எலெக்ட்ரிக்கலில் ஒரு குறையும் இல்லாத வண்டி. கிளட்சுக்கும் செல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று உரிமையாளர் கேட்கிறார். "பேட்டரி வீக் சார், வயசாயிடுச்சு" என்று பதில் வருகிறது. புதுப் பேட்டரி வாங்கிப் போடுகிறார்கள். மறுபடியும் அதே சத்தம். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் பிரஷ் மாற்றுகிறார்கள். அப்போதும் அதே சத்தம். பணம் போகிறது, பழுது போகவில்லை.

இந்த அத்தியாயத்துக்கு அப்படி ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலையில் ஓடும் பழைய அம்பாசடர் என்று வைத்துக்கொள்ளலாம். ஊரும் வண்டியும் காரணத்தோடுதான் வருகின்றன. செங்கம், போளூர், அவலூர்பேட்டை, திண்டிவனம், வேட்டவலம், திருக்கோவிலூர் என்று சாலைகள் எல்லாத் திசையிலிருந்தும் வந்து சேரும் ஊர் இது. மாதம் தவறாமல் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிரம்பி வழியும். கோடை முழுக்க பானெட்டைத் தொட முடியாத வெயில். கார்த்திகை தீபம் வருவதோ வடகிழக்குப் பருவமழையின் நடுவில். வெயில் வயரின் மேலுறையை இறுக்கிவிடும், மழை ஈரம் இணைப்புகளில் துருவேற்றும். பழைய காரின் வயரிங்குக்கு இரண்டுமே பகை.

அம்பாசடரின் கதை பலருக்கும் தெரிந்ததே. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் இறுதியில் தயாரிக்கத் தொடங்கியது. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. நம் கதைக்குத் தேவையான ஒரு சேதி, அந்த வண்டிக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது என்பது. தகர உடம்பே சட்டம், அதுவே எலும்பு. மின்சாரத்தைப் பொறுத்தவரை அந்தத் தகரம் ஒரு வயரும்கூட.

மின்சாரம் ஒரு முனையில் கிளம்பினால் போதாது, கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஹெட்லைட்டுக்கு ஒரு வயர் போனால், ஹெட்லைட்டிலிருந்து நெகட்டிவுக்கு ஒரு பாதை வேண்டும். அந்தத் திரும்பும் பாதைக்குத் தனி வயர் இழுக்காமல், ஏற்கெனவே இருப்பதையே வயராக ஏற்றுக்கொள்ளும் யோசனை காரைவிடப் பழையது. 1838ல் மியூனிக் நகரத்தில் கார்ல் ஆகஸ்ட் ஸ்டைன்ஹைல் தந்திக் கம்பிக்குத் திரும்பும் வயராக மண்ணையே பயன்படுத்தலாம் என்று கண்டார். 'எர்த்' என்ற பெயர் அங்கிருந்து வந்து, ரப்பர் டயர்மேல் நிற்பதால் மண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லாத காரிலும் நிலைத்துவிட்டது. காரில் எர்த் என்றால் தகரம். பேட்டரியின் ஒரு முனையைத் தகரத்தில் முடுக்கிவிடுவார்கள். விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் தங்கள் இரண்டாவது முனையைத் தகரத்தில் தொட்டுக்கொண்டால் போதும், வயரில் பாதி மிச்சம். பழைய பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையையே தகரத்தில் கொடுத்திருந்தார்கள். 1960களில் அது மாறி நெகட்டிவ் எர்த் வழக்கமானது. மிகப் பழைய வண்டியைத் தொடுகிறவர் முதலில் இதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஓர் இடைவெளி உண்டு. எஞ்சின் தகரத்தில் நேரடியாக உட்காருவதில்லை. அதிர்வு உள்ளே வராமலிருக்க அதை ரப்பர் மவுண்டிங் மேல் வைத்திருக்கிறார்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. காரிலேயே மிக அதிகக் கரண்ட் இழுக்கும் செல்ஃப் மோட்டாரோ அந்த எஞ்சினோடுதான் பொருத்தப்பட்டிருக்கிறது. ஆகவே எஞ்சினையும் தகரத்தையும் இணைக்க ஒரு தடித்த பட்டை தேவைப்படுகிறது. செம்புக் கம்பிகளைப் பின்னல்போல் நெய்து, இரண்டு முனையிலும் ஓட்டை போட்டு, போல்ட் வைத்து முடுக்கிய பட்டை. பட்டறைகளில் இதை எர்த் ஸ்ட்ராப், எர்த் பட்டை, எர்த் கேபிள் என்றெல்லாம் சொல்வார்கள். சில வண்டிகளில் அது கியர்பாக்ஸ் ஓரத்தில், கீழே படுத்துப் பார்த்தால் மட்டுமே கண்ணில் படும் இடத்தில், ஆயிலும் புழுதியும் அப்பிக் கறுத்துத் தொங்கும்.

கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கியர்பாக்ஸை இறக்க அந்தப் பட்டையைக் கழற்ற வேண்டும். மறுபடி ஏற்றும்போது அது ஒரு பக்கம் தொங்கிக்கொண்டே நின்றுவிட்டாலும், கழற்றிய போல்ட்டைத் துரு சுரண்டாமல் அப்படியே முடுக்கிவிட்டாலும், கிளட்ச் பிரமாதமாக வேலை செய்யும். செல்ஃப் மட்டும் எடுக்காது. கிளட்சுக்கும் செல்ஃபுக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

பட்டை இல்லாவிட்டால் கரண்ட் முழுதாக நின்றுவிடுவதில்லை. அதனால்தான் இந்தப் பழுது ஆளைக் குழப்புகிறது. எஞ்சினுக்கும் தகரத்துக்கும் இடையில் வேறு உலோகத் தொடர்புகள் இருக்கின்றன. சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் எல்லாம் எஃகுக் கம்பிகள். இழுக்கவும் சுழற்றவும் செய்தவை, கரண்ட் கடத்தச் செய்தவை அல்ல. வேறு வழியில்லாத கரண்ட் அவற்றுக்குள் புகுந்துவிடும். நாலைந்து தடவை செல்ஃப் அடித்துப் பார்த்துவிட்டு டேஷ்போர்டில் சோக் கைப்பிடியைத் தொட்டால் சூடாக இருக்கும். சில வண்டிகளில் கேபிளின் பிளாஸ்டிக் உறை உருகிப் புகை வந்துவிடும். சோக் கேபிள் சுடுகிறது என்று எவராவது சொன்னால் அதற்கு மேல் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. எர்த் பட்டையைப் பாருங்கள்.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த கேயார்க் ஓம் 1827ல் வெளியிட்ட விதியே போதும். வோல்ட் என்பது கரண்டையும் தடையையும் பெருக்கி வருவது. பெட்ரோல் எஞ்சினைச் சுழற்ற செல்ஃப் மோட்டார் சுமார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டீசல் எஞ்சினுக்கு இதைப்போல் இரண்டு மடங்கும் ஆகலாம். நல்ல எர்த் பட்டையின் தடை 0.001 ஓம் அளவில் இருக்கும். அங்கே இழப்பு 0.15 வோல்ட், கவலையில்லை. பட்டைக்குப் பதிலாகக் கேபிள்கள் வழியே போகும்போது தடை 0.05 ஓம் ஆனதாக வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் அது ஒன்றுமில்லாத எண்தான். ஆனால் கரண்ட் உடனே 90 சொச்சம் ஆம்பியராக விழும். நாலரை வோல்ட்டுக்கு மேல் அந்தக் கேபிள்களிலேயே கரைந்து, செல்ஃப் மோட்டாருக்கு ஆறரை வோல்ட் போலத்தான் மிஞ்சும். கேபிள்களில் வெப்பமாக வெளியேறுவது 400 வாட்டுக்கு மேல். மோட்டார் சுற்றாததும், சோக் சுடுவதும் இந்த ஒரே கணக்கில் அடங்கிவிடுகின்றன.

அதே 0.05 ஓம் தடையை 21 வாட் பல்ப் வைத்த டெஸ்ட் லேம்ப்பால் சோதித்தால் என்ன ஆகும்? பல்ப் இழுப்பது 1.75 ஆம்பியர். இழப்பு 0.09 வோல்ட். பல்ப் பளிச்சென்று எரியும், "எர்த் நல்லா இருக்கு சார்" என்ற தீர்ப்பும் வந்துவிடும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தாலும் இதே கதிதான். மலிவான மீட்டரின் வயர்களுக்கே 0.2, 0.3 ஓம் தடை உண்டு, அதற்குள் 0.05 மறைந்துபோகும். ஒரே ஒரு புரி மிஞ்சிய கிணற்றுக் கயிறு வெறும் வாளியைத் தாங்கும், தண்ணீர் நிறைந்த வாளியைத் தாங்காது. அறுந்துகொண்டிருக்கும் எர்த்தும் அப்படித்தான். சுமையேற்றிப் பார்க்காமல் அதன் உண்மை தெரியாது.

ஆகவே சோதனையைச் சுமையோடு செய்ய வேண்டும். இதற்கு வோல்டேஜ் டிராப் சோதனை என்று பெயர். கார் எலெக்ட்ரிக்கலில் ஒரே ஒரு சோதனையைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். முதலில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க இக்னிஷன் காயிலுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிட வேண்டும். மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வைக்க வேண்டும். கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனைமேல் வைக்க வேண்டும். முனை என்றால் நடுவிலிருக்கும் ஈயத் தூணையே சொல்கிறேன். அதைச் சுற்றியிருக்கும் கிளாம்ப்பில் வைத்தால், கிளாம்ப்புக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கும் பழுது கணக்கில் வராமல் போய்விடும். சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத, சுத்தமான ஒரு போல்ட் தலைமேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இப்போது இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம். அரை வோல்ட்டைத் தாண்டினால் பழுது அங்கேதான். நாலு வோல்ட் காட்டினால் பட்டை எங்கோ தொங்கிக்கொண்டிருக்கிறது.

அதோடு நிற்க வேண்டாம். சிவப்பு முனையை ஒவ்வொரு படியாக நகர்த்திப் பாருங்கள். ஈயத் தூணிலிருந்து கிளாம்ப், கிளாம்ப்பிலிருந்து கேபிள் முனை, கேபிள் முனையிலிருந்து தகரம், தகரத்திலிருந்து எஞ்சின். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் வோல்ட் தாவுகிறதோ அங்கே பழுது. ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல், ஐந்து நிமிடத்தில், பழுதின் மேலேயே விரலை வைத்துக் காட்டிவிடலாம். பாசிட்டிவ் பக்கமும் இதே முறைதான். பேட்டரியின் பாசிட்டிவ் தூணிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த முனைவரை.

ஓடும் வண்டியிலேயே இதற்கு இன்னொரு அடையாளம் கிடைக்கும். ஆல்டர்னேட்டர் வைத்த வண்டியில் ராத்திரி ஹெட்லைட் போட்டவுடன் டெம்பரேச்சர் முள் சற்று ஏறுகிறது, அணைத்தால் உடனே இறங்குகிறது என்று சிலர் சொல்வார்கள். ரேடியேட்டரில் இருக்கும் அத்தனை தண்ணீரும் ஒரு விநாடியில் சூடாகவும் முடியாது, ஆறவும் முடியாது. ஆகவே மாறியது வெப்பம் இல்லை, வோல்ட். ஆல்டர்னேட்டர் எஞ்சினோடு பொருத்தப்பட்டது, ஹெட்லைட்டின் கரண்ட் தகரத்திலிருந்து எஞ்சினுக்குத் திரும்பியாக வேண்டும். பாதை மோசமாக இருந்தால் எஞ்சினின் மின்னழுத்தம் தகரத்தைவிடக் கீழே போகும். எஞ்சினில் பொருத்திய டெம்பரேச்சர் யூனிட் கூடுதல் கரண்ட் இழுக்கும், முள் ஏறும். இந்த அடையாளத்தைப் படிக்கத் தெரியாமல் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியவர்கள் உண்டு.

இதுவரை சொன்னது தொங்கவிட்ட பட்டையைப் பற்றி. அது மறதி. ஆனால் எதையும் மறக்காத, நல்ல கைகொண்ட மெக்கானிக் தொட்ட வண்டியிலும் புதுப் பழுது முளைப்பது உண்டு. இருபது வருடம் ஒழுங்காக வேலை செய்த கனெக்டரைக் கழற்றி, அதே இடத்தில் திரும்ப மாட்டினால் அது வேலை செய்ய மறுக்கிறது. ஏன் என்பதை அறிய உலோகத்தின் மேற்பரப்பை மிக நெருங்கிப் பார்க்க வேண்டும்.

கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பித்தளைத் தகடு நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாக இருக்கும். இரண்டு தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று அழுத்தினால் மேடுகளின் உச்சிகள் மட்டுமே தொடும். ஸ்வீடனைச் சேர்ந்த இயற்பியலாளர் ராக்னர் ஹோம், பெர்லினில் சீமென்ஸ் நிறுவனத்தில் இருந்தபோது இதைத்தான் ஆழமாக ஆராய்ந்தார். விரல் நகம் அளவுக்கு இரண்டு தகடுகள் அழுந்தியிருந்தாலும் கரண்ட் கடப்பது சில நுண்ணிய புள்ளிகள் வழியாகத்தான் என்று அவர் விளக்கினார். மின் தொடர்புகள் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் அந்தத் துறையின் அடிப்படை. கரண்ட் அத்தனையும் அந்தப் புள்ளிகளுக்குள் நெருங்கிப் புக வேண்டியிருப்பதால்தான் இணைப்பில் தடை உண்டாகிறது.

இப்போது காலத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் காற்றும் ஈரமும் பட்டுத் தகட்டின் மேல் ஆக்ஸைடு படலம் படிகிறது. உலோகம் உலோகத்தோடு இறுகித் தொட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சில புள்ளிகளில் மட்டும் காற்று புகாது, படலமும் படியாது. சுற்றிலும் எல்லாம் கறுத்துப்போனாலும் புள்ளிகள் பளபளவென்று இருக்கும், விளக்கு எரியும். ஒரு நாள் அந்தக் கனெக்டரைக் கழற்றி மாட்டுகிறோம். பழைய புள்ளிகள் பழைய புள்ளிகளின் மேலேயே மறுபடி உட்காரப் போவதில்லை. இப்போது ஆக்ஸைடின்மேல் ஆக்ஸைடு. கனெக்டரின் பிடிமானமும் கழற்றும்போது சற்றுத் தளர்ந்திருக்கும். மெக்கானிக் செய்தது ஒன்றும் தப்பில்லை, இருந்த நோய் வெளியே வந்தது, அவ்வளவே. தொட்ட இணைப்புகளையெல்லாம் எமரி தாளால் லேசாகத் தேய்த்து, பெண் முனையைக் குறடால் சற்று நெருக்கி மாட்டினால் இது நேராது. கனெக்டருக்கு ஒரு நிமிடம் பிடிக்கும் வேலை.

தேய்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும் வயரில், ஒரு கனெக்டரில் 0.1 ஓம் தடை ஏற்பட்டால் அங்கே 10 வாட் வெப்பம் பிறக்கும், கட்டைவிரல் அளவுள்ள பிளாஸ்டிக்குக்குள். வெப்பத்தில் ஆக்ஸைடு வேகமாகப் படியும், தடை கூடும், வெப்பம் இன்னும் கூடும். ஒரு கட்டத்தில் பிளாஸ்டிக் பழுத்து உருகும். இதை ஃபியூஸ் தடுக்காது. கரண்ட் கூடவில்லையே, குறைந்திருக்கிறது. போதாக்குறைக்கு அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வயரிங்கில் பல வண்டிகளுக்கு ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே வைத்ததில்லை. வெளிச்சத்தின் கணக்கு அதைவிடக் கடுமை. பல்ப்புக்குப் போகும் வோல்ட்டில் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். ஜமுனாமரத்தூரிலிருந்து ஜவ்வாது மலைப் பாதையில் ராத்திரி இறங்குகிறவருக்கு அந்த 30 சதவீதம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து டிங்கரிங், பெயின்டிங். பின்பக்கம் ஒடுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, புதுப் பெயின்ட் அடித்து வாங்கி வருகிறோம். பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு மங்கலாக எரிகிறது, பார்க்கிங் லைட்டும் கூடவே எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் துடிக்கிறது. வயரிங் முழுக்கக் கலந்துவிட்டது என்று பயந்து ஹார்னஸையே மாற்றச் சொல்வார்கள். மாற்றாதீர்கள். பின் விளக்கு பல்ப்பைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் இருக்கும், பிரேக்குக்கு 21 வாட், பார்க்கிங்குக்கு 5 வாட். அடியில் இரண்டு ஈயப் பொட்டுகள், ஆளுக்கொன்று. திரும்பும் பாதை மட்டும் இரண்டுக்கும் பொது, பல்ப்பின் பித்தளை உடம்பு. அது ஹோல்டரைத் தொட, ஹோல்டர் ஸ்குரூ வழியாகத் தகரத்தைத் தொட, வேலை நடக்கிறது. பட்டியும் பெயின்ட்டும் மின்சாரத்தைக் கடத்தாதவை. அவை ஸ்குரூவைச் சுற்றி மூடிவிட்டால் திரும்பும் பாதை அடைபட்டுவிடும். பிரேக் இழைக்குள் வந்த கரண்ட் வெளியேற வழி தேடி, பக்கத்திலிருக்கும் பார்க்கிங் இழைக்குள் தலைகீழாகப் புகுந்து, பார்க்கிங் வயர் வழியே முன்னால் போய், டேஷ்போர்டு பல்ப்பிலும் முன் பார்க்கிங் பல்ப்பிலும் நுழைந்து அங்கே எர்த்தைப் பிடித்துக்கொள்கிறது. மங்கலாக எரிவது அதனால்தான். ஸ்குரூவின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் ஒன்று போட்டு முடுக்கினால் 'கலந்துபோன' வயரிங் சரியாகிவிடும்.

டிங்கரிங் என்றதும் வெல்டிங் நினைவுக்கு வருகிறது. பேட்டரி கேபிளைக் கழற்றாமல் ஆர்க் வெல்டிங் வைத்தால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் போய்விடலாம். வெல்டிங் எர்த் கிளாம்ப்பை வேலை நடக்கும் இடத்துக்கு மிக அருகில் மாட்ட வேண்டும். தூரத்தில் மாட்டினால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பேரிங்குகளையும் கேபிள்களையும் குறுக்கு வழியாக எடுத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி "ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏறுதா" என்று பார்க்கும் பழக்கமும் அதே டயோடுகளுக்கு எமன். டைனமோ காலத்தில் பொறுத்துக்கொண்டார்கள். ஆல்டர்னேட்டர் பொறுக்காது.

டேஷ்போர்டைக் கழற்றி மாட்டிய வண்டிகளில் வரும் இரண்டு பழுதுகளைச் சொல்லாமல் விட முடியாது. முதலாவது, பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒன்றாக மேலே ஏறி நிற்பது. அந்தக் காலத்துப் பல வண்டிகளில் மீட்டர்களுக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய ஸ்டெபிலைசர் ஒன்று இருக்கும். உள்ளே வெப்பத்தில் வளையும் ஒரு பட்டை தொட்டும் விட்டும், பேட்டரி வோல்ட்டைச் சராசரியாக 10 ஆக்கி அனுப்பும். பட்டையைச் சூடாக்கும் கம்பிக்கு எர்த் வேண்டும். மீட்டரைத் திரும்ப மாட்டும்போது அந்த எர்த் விட்டுப்போனால் பட்டை சூடாகாது, விலகாது, முழு வோல்ட்டும் மீட்டருக்குள் போகும். டேங்க் நிரம்பிவிட்டதாகவும் எஞ்சின் கொதிப்பதாகவும் இரண்டு முள்ளும் ஒரே நேரத்தில் சொன்னால் இரண்டையும் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, சார்ஜ் விளக்கு. சாவி போட்டதும் சிவப்பாக எரிந்து எஞ்சின் ஓடியதும் அணையும் அந்தச் சிறு பல்ப்பை வெறும் அறிவிப்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். பல ஆல்டர்னேட்டர்களில் ரோட்டரைக் காந்தமாக்கும் முதல் கரண்ட் அந்தப் பல்ப் வழியாகத்தான் போகிறது. பல்ப் ஃபியூஸானாலோ ஹோல்டர் சரியாகப் பொருந்தாவிட்டாலோ ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளாது. பௌர்ணமி இரவில் ஊருக்கு வெளியே வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகரும்போது, ஹெட்லைட், வைப்பர், ஹாரன் எல்லாம் பேட்டரியையே தின்றுகொண்டிருக்கும். நடுச்சாலையில் வண்டி நின்றபின் ஆல்டர்னேட்டரைக் கழற்றுவார்கள். ஒரு பல்ப் போதும். சாவி போட்டவுடன் அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள்.

வயரின் நிறத்தைப் பற்றியும் சில வார்த்தை. சென்னை பாடியில் 1961ல் தொடங்கிய லூக்காஸ் டிவிஎஸ் உட்பட, நம் கார் எலெக்ட்ரிக்கல் தொழிலின் வேர் இங்கிலாந்தின் லூக்காஸ் நிறுவனத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் மரபில் பழுப்பு எப்போதும் கரண்ட் உள்ள வயர், வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதற்குப் பின் ஃபியூஸ் கடந்தது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங், கறுப்பு எர்த். இந்த ஆறும் மனப்பாடமாக இருந்தால் அந்த மரபில் வந்த பழைய வண்டியில் பாதித் தேடல் முடிந்தது. ஆனால் கையில் கிடைத்த நிறத்தில் ஒட்டுப் போட்ட வயர்கள் உள்ள வண்டியில் நிறத்தை நம்ப முடியாது, மீட்டரைத்தான் நம்ப வேண்டும். வெறும் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டுகளைக் கண்டால் முதலில் அவற்றைப் பிரித்துச் சரிசெய்யுங்கள். எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை வழிந்து, சில மாதத்தில் ஒட்டு அம்மணமாக நிற்கும்.

எல்லாம் சொன்னபிறகு, பேட்டரியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுவதும் நடக்கிறது. வேலைக்காக மாதக்கணக்கில் பட்டறையில் நின்ற வண்டியின் பேட்டரி தானாகவே இறங்கி, தகடுகளில் ஈய சல்ஃபேட் இறுகிச் செத்துப்போகலாம். அதைச் சொல்லவும் மீட்டர்தான் வேண்டும். ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையிலேயே வோல்ட் 9.6க்குக் கீழே சரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். முனையில் 11 நின்று, செல்ஃப் மோட்டாரில் மட்டும் 6 வந்தால் பேட்டரி நிரபராதி.

வேலைக்குப் பின் வந்த பழுதை, வேலையில் கைபட்ட இடத்தில் முதலில் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. என்னென்ன கழற்றினார்கள் என்ற பட்டியலே நோயாளியின் சீட்டு. அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வோர் எர்த்தையும், ஒவ்வொரு கனெக்டரையும் பார்த்து முடிக்கும்வரை ஒரு பொருளையும் மாற்றக் கூடாது. பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்பேனர் செட்டுக்குப் பக்கத்தில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள், பையன்களுக்கு வோல்டேஜ் டிராப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். வண்டி வைத்திருப்பவர்கள், வேலைக்கு விடும் முன் பானெட்டைத் திறந்து போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, பில்லைப் பார்ப்பதற்கு முன்னால், "எர்த் பட்டையைத் தேய்ச்சு மாட்டினீங்களாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.